யாருக்கும் சொல்ல மாட்டோம்

"தங்களின் அன்பான பதிவுக்கு நன்றி. அன்னாரின் ஆன்மா சாந்தியடைய இறைவனை வேண்டுகிறோம். எங்கள் சேவையைப் பகிர்ந்து ஆதரவு தாருங்கள்."

இந்த மூன்று வரிகளையும் எழுதியவள் நான்தான். எத்தனை முறை இதை வெட்டி ஒட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இன்று எங்கேயாவது இது கண்ணில் பட்டால் கோபம் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கோபத்தில் பாதி எழுதியவள் மேல்.

எங்களுடையது மரண சகாயச் சங்கம். ஜேபி என்று நாங்கள் சொல்லும் ஜொகூர் பாருவில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறைகள். வசதியில்லாத வீட்டில் ஒருவர் இறந்துபோனால் சவப்பெட்டி, வண்டி, எரிப்பதற்குப் போலீஸ் நிலையத்தில் எடுக்கவேண்டிய பர்மிட், சடங்கு செய்ய ஆள், மின்சுடலையில் நேரம் எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்வோம். கிளினிக் ஒன்றில் முன்மேசை வேலை பார்த்து ஓய்வு பெற்ற கையோடு நான் இங்கே செயலாளராக வந்தேன். ஊரில் முக்கால்வாசிப் பேர் சாவு என்றதும் எங்கள் சங்கத்தைத்தான் கூப்பிடுவார்கள். கோயில் அறிவிப்புப் பலகையில் எங்கள் எண் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான் விளம்பரம். யாரும் எங்களைப் பாராட்டியதும் இல்லை, யாரையும் பாராட்டச் சொல்லி நாங்கள் கேட்டதும் இல்லை.

பிறகு முகநூல் பக்கம் வந்தது. அதைப் பற்றி எல்லாவற்றையும் குறையாகவே சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் பொந்தியானில் மரப்பட்டறை வைத்திருக்கும் ஒருவர் எங்களைத் தேடி வந்து, இனிமேல் உங்களுக்குப் பெட்டி நான் செய்து தருகிறேன் என்றார். இரண்டாவது வண்டி வந்ததும் அதனால்தான். எங்கோ வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், இங்கே தனியாகக் கிடந்து செத்துப்போன தகப்பனுக்காக எங்களிடம் பேசியதும் அதனால்தான். பக்கத்தை நடத்தியவள் நான். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு கைப்பேசியை வைத்துக்கொண்டு இவ்வளவு செய்கிறோமே என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கெட்டுப்போனது எப்போது என்றால், அதே ஊரில் இன்னொரு சங்கம் கிளம்பியபோது. பளபளவென்று புது வெள்ளை வண்டி, ஒரே நிறத்தில் டீ சட்டை. எங்களுக்கு வரும் சாவுச் செய்தி அவர்களுக்கும் வரும். நாங்கள் பிணத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது அவர்கள் தங்கள் பக்கத்தில் இரங்கல் செய்தி போட்டிருப்பார்கள். ஊர் அவர்களைத்தான் வாழ்த்தும். எங்கள் தலைவருக்கு அது பொறுக்கவில்லை.

"அக்கா, வேல செஞ்சது நாம, பேரு அவனுக்கா? நாம முன்னுக்குப் போட்டாத்தான் நம்ம கேஸுன்னு எல்லாருக்கும் தெரியும்லா."

கேஸ். இறந்தவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அந்தச் சொல் எனக்கும் பழகிப்போயிருந்தது.

அதன்பிறகு தலைவர் இரண்டு கட்டளைகள் போட்டார். அழைப்பு வந்ததும் முதல் வேலை பதிவு, வண்டியே பிறகுதான். இரண்டாவது, பதிவுக்குக் கீழே யார் என்ன எழுதினாலும் உடனே பதில் போட வேண்டும். பதில் போடப்போடத்தான் பக்கம் நிறையப் பேருக்குப் போய்ச் சேரும் என்று அவருக்கு யாரோ வகுப்பெடுத்திருந்தார்கள். அதற்காகத்தான் அந்த மூன்று வரிகள். ஒரு பூமாலை ஓரம், இரண்டு குத்துவிளக்கு, நடுவில் இறந்தவர் முகம், கீழே எங்கள் எண், மேலே எங்கள் சின்னம் என்று ஒரு படச்சட்டமும் தயாரானது. சின்னம் சிறிய திரையிலும் தெரிய வேண்டும் என்று தலைவர் சொல்லிச் சொல்லி, கடைசியில் அது இறந்தவர் முகத்தைவிடப் பெரிதாகிவிட்டது. யாருக்கும் அது அசிங்கமாகத் தெரியவில்லை. எனக்கும்தான்.

பள்ளி விடுமுறை தொடங்கிய ஒரு சனிக்கிழமை காலை. பசியாறிக்கொண்டிருந்தேன். கோத்தா திங்கியிலிருந்து ஒரு பெண் அழைத்தார். கணவர் காலையில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. அப்போது எட்டே முக்கால் இருக்கும் என்றார். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் பார்த்துவிட்டு முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். விவரங்களை எழுதிக்கொண்டேன். பதிவேட்டுக்கு ஒரு படம் அனுப்பச் சொன்னேன். போனை வைக்கப் போகும்போது அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, ஒரு விஷயம். எங்களுக்கு ஒரே மக. சிங்கப்பூர்ல நைட் ஷிப்ட் முடிச்சி பஸ்ல வந்துகிட்டு இருக்கா. அவளுக்கு இன்னும் சொல்லல. என் தம்பி அவள ஏத்திவர ஜேபிக்குப் போயிருக்கான். அப்பாவுக்கு முடியலன்னு சொல்லி கார்ல ஏத்தி, வீட்டுக்கிட்ட வந்தப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்னு இருக்கோம். வேற யாரும் அவகிட்ட சொல்லிடக் கூடாதுக்கா."

"சரிம்மா. நாங்க யாருக்கும் சொல்ல மாட்டோம். நீங்க தைரியமா இருங்க."

சொன்னதை மனதாரத்தான் சொன்னேன். வழியில் வருகிறவரிடம் சாவைச் சொல்வதில்லை என்பது எங்கள் வீடுகளில் யாரும் எழுதி வைக்காத வழக்கம். "முடியல, வா" என்று மட்டும்தான் சொல்வோம். கேட்பவருக்கும் பாதி விளங்கிவிடும். மீதியை, பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு கை இருக்கும்போதுதான் சொல்வோம். என் அப்பா போனபோது என் அண்ணன் என்னிடம் காரில் வைத்துத்தான் சொன்னார். சாலையோரம் காரை நிறுத்திவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அந்த ஐந்து நிமிடத்துக்காக அவருக்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

இவ்வளவும் தெரிந்த நான், அழைப்பை வைத்த கால் மணி நேரத்தில் அந்தப் பதிவைப் போட்டேன்.

ஏன் என்று எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். உண்மையான பதில் ஒன்றுதான். பக்கத்தில் போடுவதை, ஒருவரிடம் "சொல்வது" என்று நான் நினைத்ததே இல்லை. சொல்வது என்றால் வாயால் சொல்வது, போனில் சொல்வது. அந்த அம்மாவின் சொந்தக்காரர்கள் யாரும் என்னை அழைத்திருந்தால், எனக்குத் தெரியாது என்று சாதித்திருப்பேன், சத்தியமாக. ஆனால் படச்சட்டத்தில் முகத்தைப் பொருத்தி ஊருக்கே காட்டுவது எனக்கு வேலை. வண்டிக்கு எண்ணெய் ஊற்றுவதைப் போல ஒரு வேலை. இரண்டும் என் தலைக்குள் வேறு வேறு அறையில் இருந்தன, நடுவில் கதவே இல்லை.

அந்த அம்மா அனுப்பியது ஒரு கல்யாண வீட்டுப் படம். பாத்திக் சட்டையில் ஒரு மனிதர் வாய்நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் ஒரு பெண். சட்டத்துக்கு ஒரு முகம் போதும் என்பதால் அந்தப் பெண்ணை வெட்டினேன். தோளில் இருந்த விரல்கள் மட்டும் மிச்சமாகின. அதைப் பூமாலை ஓரத்தால் மறைத்தேன். ஒன்பதரைக்குப் பதிவு போய்விட்டது. அந்தச் சங்கத்துக்கு முன்னால் போட்டுவிட்டோம் என்று தலைவர் கட்டைவிரல் படம் அனுப்பினார்.

கருத்துகள் மளமளவென்று வந்தன. ஓம் சாந்தி, ஆழ்ந்த அனுதாபங்கள், வரிசையாகக் கூப்பிய கைகள். நான் ஒரு கையில் போலீஸ் நிலையத்துக்குப் பேசிக்கொண்டு, இன்னொரு கையால் ஒவ்வொன்றுக்கும் கீழே மூன்று வரிகளை ஒட்டிக்கொண்டே வந்தேன். படிக்கவில்லை. சாவு வீட்டுப் பதிவில் படிப்பதற்கு என்ன இருக்கிறது?

அந்தக் கருத்துகளில் ஒன்று இப்படி இருந்தது. பூனைப் படம் போட்ட கணக்கு.

"இது எங்கப்பா மாதிரி இருக்கு. அம்மா ஒன்னும் இல்லன்னு சொல்றாங்க. இது எங்கப்பாதானா? யாராவது சொல்லுங்க ப்ளீஸ்."

அதற்குக் கீழே எங்கள் சங்கம் பதில் சொல்லியிருந்தது. தங்களின் அன்பான பதிவுக்கு நன்றி. அன்னாரின் ஆன்மா சாந்தியடைய இறைவனை வேண்டுகிறோம். எங்கள் சேவையைப் பகிர்ந்து ஆதரவு தாருங்கள்.

இது எனக்குத் தெரியவந்தது மதியம், கோத்தா திங்கி வீட்டு வாசலில். பெட்டி இறக்கிக்கொண்டிருந்தோம். அழைத்துவரப் போன தாய்மாமாவின் கார் வந்து நின்றது. மகள் இறங்கினாள். கழுத்தில் தொழிற்சாலை அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. நேராக உள்ளே போனாள், யாரையும் பார்க்கவில்லை. மாமாதான் என்னிடம் வந்தார்.

"சிங்கப்பூர்ப் பாலத்துல ஜாம். பஸ் நகரவே இல்ல. தூங்கி எந்திரிச்சி போனப் பார்த்திருக்கா. அவ கூட்டாளி யாரோ உங்க போஸ்ட ஷேர் பண்ணியிருக்கு. உடனே அம்மாவுக்கு அடிச்சிருக்கா. எங்கக்கா என்ன சொல்லும்? நாங்க பேசி வச்ச மாதிரியே, ஒன்னும் இல்லம்மா, லேசா முடியல, நீ வான்னு சொல்லியிருக்கு. பஸ்ஸ விட்டு இறங்கி, அந்தப் பாலம் பூரா நடந்தே வந்துட்டா. இமிகிரேஷன் மெஷின்ல மூணு தடவ விரல வச்சும் ரேகை விழவே இல்லையாம். என்னைப் பார்த்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. மாமா, யாரு பொய் சொல்றா, அம்மாவா அந்தப் பேஜான்னு."

கைப்பேசியை எடுத்து அந்தக் கேள்வியையும் அதற்குக் கீழே இருந்த பதிலையும் எனக்குக் காட்டினார். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. அந்த அம்மா உள்ளே இருந்தபடியே என்னைப் பார்த்து ஒரே ஒரு முறை, "யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சொன்னீங்களேக்கா" என்றார்.

மின்சுடலையிலிருந்து திரும்பும் வழியிலேயே தலைவரை அழைத்தேன். பதிவை எடுத்துவிடப் போகிறேன் என்றேன்.

"அலமாக், என்னக்கா நீங்க! நம்ம பேஜ்லயே இதுதான் அதிகமா போன போஸ்ட். எத்தன ஷேர் பாத்தீங்களா? புதுசா எவ்ளோ பேரு வந்திருக்காங்க. இப்பப் போயி எடுக்கச் சொல்றீங்க. ரெண்டு நாள் போகட்டும், அதுங்களே மறந்துரும்."

அதுங்களே. அந்த ஒரு சொல்லுக்காகவே முகத்தில் அடித்தாற்போல நான் பேசியிருக்க வேண்டும். கடவுச்சொல் என் கையில்தான் இருந்தது. ஒரு விரல் அசைத்தால் போதும். நான் அசைக்கவில்லை. தலைவர் சொல்லை மீறாத பழக்கம் ஒரு பக்கம், அந்த எண்ணிக்கையை நானும் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னொரு பக்கம். வெட்கம்கெட்டவள் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். ஆனாலும் அசைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து யாரோ ஒருவர் அந்தக் கேள்வியையும் எங்கள் பதிலையும் படமெடுத்துத் தன் பக்கத்தில் போட்டார். அவ்வளவுதான். நெருப்பு பற்றிக்கொண்டது. எங்களைக் கரித்துக் கொட்டாதவர்கள் இல்லை. பிணந்தின்னிகள் என்றார்கள், சாவை விற்றுப் பேர் வாங்குகிறவர்கள் என்றார்கள். அந்த இன்னொரு சங்கம், "மனிதநேயமே எங்கள் முதல் சேவை" என்று அன்றைக்கென்று பார்த்து ஒரு வாசகம் போட்டது. அடுத்தவன் வீட்டுத் தீயில் குளிர்காய்வதற்கும் ஒரு பூமாலைச் சட்டம்! எங்களைத் திட்டியவர்கள் மேலும் எனக்கு ஆத்திரம்தான். நியாயம் கேட்கிறேன் என்று வந்த ஒவ்வொருவரும் அந்த மனிதரின் முகத்தையும் அந்தப் பெண்ணின் கேள்வியையும் இன்னொரு முறை ஊருக்குக் காட்டினார்கள். போடட்டுமா என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. எங்களிடமிருந்து அவர்களுக்கு என்ன வித்தியாசம்?

டயர் கடை மாடியில் அவசரக் கூட்டம். தலைவர் மூஞ்சி கறுத்துப்போயிருந்தது.

"அக்கா, உடனே அந்தப் போஸ்ட டிலீட் பண்ணுங்க. அப்புறம் ஒரு ஸ்டேட்மெண்ட் போட்டுருவோம். தொழில்நுட்பக் கோளாறுனால தானா போயிருச்சின்னு. பெட்டி தர்ற ஆளு வேற போன் போட்டுட்டாரு. சங்கத்துப் பேரு போச்சுக்கா, பேரு!"

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். பெயரை எப்படிக் காப்பாற்றுவது என்று அரைமணி நேரம் பேசினார்கள். வண்டியில் சின்னத்தைக் கொஞ்ச நாளைக்கு மறைத்துவைக்கலாமா என்றுகூட ஒருவர் கேட்டார். அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வாய் கேட்கவில்லை.

என்னால் அதற்குமேல் முடியவில்லை.

"எந்தக் கோளாறு தலைவரே? மெஷினா பதில் போட்டுச்சு? நான் போட்டேன். இந்த விரல் போட்டுச்சு. நீங்க போடச் சொன்னீங்க. நல்லாப் போன அன்னைக்கு எடுக்காதீங்கன்னீங்க. திட்டு விழுந்த அன்னைக்கு எடுங்கங்கறீங்க. ரெண்டு நாள்லயும் அந்தப் பொண்ணு உங்க கண்ணுல படவே இல்லையா?"

என் குரல் கீழே டயர் கடை வரைக்கும் கேட்டிருக்கும். யாரோ தண்ணீர் நீட்டினார்கள். வாங்காமல் படியிறங்கினேன். அப்படியே கோத்தா திங்கிக்கு வண்டியை ஓட்டினேன். மன்னிப்புக் கேட்பது, பதிவை அவள் கண் முன்னாலேயே அழிப்பது, இரண்டும்தான் என் திட்டம்.

அவள்தான் கதவைத் திறந்தாள். அம்மா உள்ளே படுத்திருக்கிறார் என்றாள். உட்காரச் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. யார் என்று சொன்னேன். பதிவு போட்டது, பதில் ஒட்டியது, படத்தில் அவளை வெட்டியது, எல்லாவற்றையும் சொன்னேன். மன்னித்துவிடு என்றேன். இப்போதே அழித்துவிடுகிறேன் என்று கைப்பேசியை எடுத்தேன்.

"எடுக்காதீங்க" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"நான் அதுல ஒன்னு கேட்டேன் ஆன்டி. எங்கப்பாதானான்னு கேட்டேன். அதுக்கப்புறம் ஆயிரம் பேரு அதுல சண்ட போட்டுட்டாங்க. எனக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. நீங்க எடுத்துட்டா நான் கேட்டதும் போயிரும்."

கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தமாகச் சாத்தவில்லை.

காரில் போய் உட்கார்ந்தேன். கைப்பையில் தலைவரின் அழைப்பு அதிர்ந்தது. அழித்தாகிவிட்டதா என்று கேட்கத்தான். எடுக்கவில்லை. அதிர்வு நின்றதும் போனை வெளியே எடுத்துப் பக்கத்தைத் திறந்தேன். பூனைப் படக் கேள்விக்குக் கீழே இருந்த அந்த மூன்று வரிகளை மட்டும் நீக்கினேன். அந்த இடத்தில், சங்கத்தின் பெயரிலேயே, இப்படி எழுதினேன்.

"ஆமாம்மா. இது உன் அப்பாதான். சனிக்கிழமை காலை எட்டே முக்கால் மணிக்கு, வீட்டில், தேத்தண்ணீர் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தபோது உயிர் போனது. உன் அம்மா பொய் சொல்லவில்லை. நீ வழியில் தனியாக இருக்கும்போது இது உன் காதில் விழக்கூடாது என்று நினைத்தார். யாருக்கும் சொல்ல மாட்டோம் என்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு ஊருக்கே சொன்னது நாங்கள். கோளாறு எதுவும் இல்லை. சங்கத்தின் செயலாளர் நான், என் கையால்தான் போட்டேன். நீ கேட்டதைப் படிக்காமலே பதில் போட்டேன்."

அனுப்பினேன். போனை மடியில் வைத்தேன். வண்டியைக் கிளப்பவில்லை. தலைவர் மறுபடி அழைத்தார். பிறகு துணைத்தலைவர். பிறகு மறுபடி தலைவர். அன்று சாயங்காலத்துக்குள் என்னைப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டு, அந்தப் பதிவையும் அழித்துவிட்டு, தொழில்நுட்பக் கோளாறு என்று அறிக்கையும் போட்டுவிட்டார்கள். அதெல்லாம் பிறகு.

வீட்டுக் கதவு திறந்தது. அவள் கையில் கைப்பேசியோடு வாசல் கேட் வரை வந்தாள். நான் கண்ணாடியை இறக்கினேன்.

"எட்டே முக்காலா ஆன்டி?"

"ஆமாம்மா. உங்கம்மா அப்படித்தான் சொன்னாங்க."

அந்தப் பதிலை விரலால் மேலே தள்ளி மறுபடி படித்தாள். என் மடியில் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது.

"அப்ப நான் பஸ்ல தூங்கிகிட்டு இருந்தேன்" என்றாள்.